70 ரூபாய்க்கு ரேடியோ! கோவை தந்த மேதை ஜி.டி. நாயுடு

கோவைக்குக் கிழக்கே, சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு சிற்றூர். சோளமும் பருத்தியும் விளையும் பூமி. கிணற்றையும் மழையையும் நம்பிப் பிழைக்கும் ஜனங்கள். அந்த ஊரில், 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி, ஒரு விவசாயியின் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் பெயர் கோபால்சாமி நாயுடு. குழந்தைக்குத் துரைசாமி என்று பெயர் வைத்தார்கள்.

பிற்காலத்தில் ஜி.டி. நாயுடு என்று நாடெங்கும் புகழ் பெற்றவர் அந்தக் குழந்தைதான்.

துரைசாமி தாய் முகம் அறியாதவர். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயார் இறந்து விட்டார். சிறுவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். படிப்பு ஏறவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய பிள்ளை என்று பெயர் எடுத்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தோட்டத்துக்குக் காவல் போ என்று வீட்டில் அனுப்பி விட்டார்கள்.

ஆனால் அறிவுப் பசி அடங்கவில்லை. தோட்டத்தில் உட்கார்ந்து, கிடைத்த தமிழ்ப் புத்தகங்களை எல்லாம் படித்தான். வாத்தியார் இல்லை. பிரம்பு இல்லை. பரீட்சையும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், உலகத்தையே தெரிந்து கொள்ளலாம் என்பதை அந்தச் சிறுவன் தானே கண்டு கொண்டான்.

புகை கக்கிய வண்டி

ஒருநாள் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். நிலவரி விஷயமாக ஊர் ஊராய்ச் சுற்றுகிறவர். அவர் ஏறி வந்த வண்டி, துரைசாமியின் வாழ்க்கையையே மாற்றி விட்டது.

அது ஒரு மோட்டார் சைக்கிள். மாடு இல்லை, குதிரை இல்லை. இரண்டே சக்கரம். தானாக ஓடுகிறது. இது எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி துரைசாமியைத் தூங்க விடவில்லை.

ஊரை விட்டுக் கிளம்பினார். கோவைக்கு வந்தார். ஓர் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மேஜை துடைத்தார், இலை போட்டார், எடுபிடி வேலை செய்தார். சுமார் மூன்று ஆண்டுகள் காசைக் காசாகச் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வேறு வாலிபராக இருந்தால் அதில் ஏறி ஊர்வலம் வந்திருப்பார். துரைசாமி அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார்! ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பூட்டினார். மறுபடியும் கழற்றினார். அவர் படித்த யந்திரக் கல்லூரி அதுதான்.

ஒரே ஒரு பஸ்

பிறகு பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழிற்சாலை நடத்தினார். முதல் உலக யுத்த காலம். நல்ல லாபம் வந்தது. கையில் பணம் புரண்டதும் பம்பாய்க்குப் போய்ப் பெரிய பருத்தி வியாபாரம் செய்ய ஆசைப்பட்டார். போனது போனதுதான். வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

விழுந்தவர் அங்கேயே கிடக்கவில்லை. கோவையில் ஸ்டேன்ஸ் துரை என்றால் தெரியாதவர் இல்லை. பஞ்சாலைத் தொழிலுக்கு இந்த ஊரில் அடிப்படை போட்டவர். அவருடைய உதவி நாயுடுவுக்குக் கிடைத்தது. 1920-ம் ஆண்டு ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார். டிரைவரும் அவரே.

பழனிக்குப் போகிற பக்தர்கள் அதுவரை மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போனவர்கள். சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டு, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும் பஸ், ஜனங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஒரு பஸ் பத்து ஆயிற்று. பத்து நூறு ஆயிற்று. 1930-களில் அவருடைய யு.எம்.எஸ். கம்பெனியில் 200-க்கு மேற்பட்ட பஸ்கள் ஓடின. கொங்கு நாட்டு ரோடுகளில் அந்த மூன்று எழுத்தைத் தெரியாதவர் கிடையாது.

மலையிலிருந்து வந்த மின்சாரம்

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைகாரா மின்சாரத் திட்டம் வேலை செய்யத் தொடங்கியது. மலை அருவி, மின்சாரமாக மாறிக் கோவைக்கு இறங்கி வந்தது. பஞ்சாலைகள் பெருகின.

கொங்கு நாட்டில் கிணறுகள் ஆழமானவை. மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். விடியுமுன் ஆரம்பித்தால் மாடும் ஓயும், மனிதனும் ஓய்வான். ஒரு மின்சார மோட்டார் இருந்தால் அந்த வேலை தீர்ந்தது. ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஏழைக் குடியானவன் அதை எப்படி வாங்குவான்?

கோவையை அடுத்த பீளமேட்டில், டி. பாலசுந்தரம் நாயுடு என்பவரோடு சேர்ந்து, 1937-ம் ஆண்டு ஜி.டி. நாயுடு மின்சார மோட்டார் செய்து காட்டினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று அதைப் போற்றுகிறார்கள். அன்று போட்ட விதைதான் பின்னால் மரமாக வளர்ந்தது. மோட்டார் பம்பு என்றால் கோவை என்று வடநாட்டுக்காரரும் சொல்லும் காலம் வந்தது.

இதோடு அவர் நிற்கவில்லை. பாட்டரியில் ஓடும் சவர யந்திரம் செய்தார். மெல்லிய சவர பிளேடு செய்தார். மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, பழம் பிழியும் யந்திரம், மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு யந்திரம் ஆகியவற்றையும் உண்டாக்கினார். ஐரோப்பாவுக்குப் பல தடவை போய் வந்தார். போன இடமெல்லாம் தொழிற்சாலைகளைத்தான் சுற்றிப் பார்த்தார்.

ரேடியோ ஆசை

அந்தக் காலத்தில் ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுப் பொருள். மெத்தை வீட்டுக் கூடத்தில், மேஜை மேல், துணி போர்த்தி வைத்திருப்பார்கள். பாட்டுக் கேட்க ஜனங்கள் வாசலில் கூடி நிற்பார்கள். ரேடியோ வைத்திருப்பவர் தபாலாபீசில் ஆண்டுதோறும் லைசென்சுப் பணமும் கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் ரேடியோவுக்கு வழி காட்டியவர்கள் ஆர்வம் கொண்ட தனி மனிதர்கள்தான். சென்னையில் மின்சார எஞ்சினீயர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் 1924-ம் ஆண்டு ஒரு ரேடியோ கிளப் ஆரம்பித்தார்கள். ஒரு சிறு யந்திரத்தை வைத்துக் கொண்டு பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். பணம் இல்லாமல் 1927-ல் அது நின்றது. பிறகு சென்னை நகரசபை அந்த வேலையை ஏற்று 1930-ல் தொடர்ந்து நடத்தியது. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் சர்க்கார் வானொலி நிலையங்கள் வந்தன.

நிலையம் வந்து விட்டது. பாட்டு காற்றில் மிதந்து வருகிறது. ஆனால் கேட்பதற்கு ஏழை வீட்டில் பெட்டி இல்லை! பந்தியில் சோறு போட்டு, இலை போட மறந்த கதை போல் ஆயிற்று.

ஜி.டி. நாயுடு இந்த இடத்தில்தான் கை வைத்தார். ரேடியோவுக்குள் இருப்பது என்ன? கொஞ்சம் தகரம், கொஞ்சம் செம்புக் கம்பி, சில வால்வுகள், ஒரு ஒலிபெருக்கி, மேலே ஒரு மரப்பெட்டி. இதற்கு நூற்றுக் கணக்கில் விலை எதற்கு? 1941-ம் ஆண்டு அவர் ஒரு செய்தியை வெளியிட்டார். ஐந்து வால்வு ரேடியோவை இந்த நாட்டிலேயே வெறும் 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்பதுதான் அந்தச் செய்தி.

ஐந்து வால்வு வேலை செய்வது எப்படி?

வால்வு என்பது பார்வைக்குச் சிறு மின்சார விளக்குப் போல இருக்கும். கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு மெல்லிய இழை. அது சிவக்கச் சூடானால்தான் வேலை செய்யும். அதனால்தான் அந்தக் கால ரேடியோவைத் திருகியதும் பாட்டு வராது. சற்றுப் பொறுக்க வேண்டும்.

வீட்டுக் கூரை மேல் கட்டிய கம்பி, காற்றில் வரும் அலைகளைப் பிடிக்கிறது. பல நிலையங்களின் அலைகள் ஒன்றாக வந்து விழும். முதல் வால்வு, நாம் திருகி வைத்த நிலையத்தின் அலையை, பெட்டிக்குள் கையாள வசதியான வேறு அலையாக மாற்றிக் கொடுக்கும். இரண்டாவது வால்வு அதற்குப் பலம் ஏற்றும். மூன்றாவது வால்வு, அலை சுமந்து வந்த பாட்டையும் பேச்சையும் தனியே பிரித்து எடுக்கும். உமியிலிருந்து அரிசியைப் பிரிப்பது போல என்று வைத்துக் கொள்ளலாம். நான்காவது வால்வு அதை ஒலிபெருக்கி முழங்கும் அளவுக்குப் பெரிதாக்கும். ஐந்தாவது வால்வுக்குப் பாட்டோடு சம்பந்தம் இல்லை. மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்தை ஒரே திசையில் ஓடச் செய்து, மற்ற நான்குக்கும் உணவாகக் கொடுப்பது அதன் வேலை.

ஐந்தும் ஒற்றுமையாக உழைத்தால் கடல் கடந்த ஊரின் குரலும் கேட்கும். ஒன்று அவிந்தாலும் பெட்டி ஊமை.

இந்த வித்தையைச் சாதாரணத் தமிழ்த் தொழிலாளியும் கற்கலாம், சாதாரணக் குடும்பமும் வாங்கலாம் என்பது ஜி.டி. நாயுடுவின் எண்ணம். விலையைக் குறைப்பதுதான் அவருடைய எல்லா ஆராய்ச்சிக்கும் உயிர்.

யுத்தம் குறுக்கே வந்தது

ஆனால் அது இரண்டாம் உலக யுத்த சமயம். 1939-ல் யுத்தம் வந்ததுமே, சொந்த வயர்லெஸ் கருவி வைத்துப் பேசிக் கொண்டிருந்தவர்களின் லைசென்சுகளைச் சர்க்கார் ரத்து செய்து விட்டது. வயர்லெஸ் என்றாலே போலீசாருக்குச் சந்தேகம். 1942-ல் பம்பாயில், உஷா மேத்தா என்ற இளம் பெண்ணும் தோழர்களும் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோ நடத்தினார்கள். ஆகஸ்டு மாதம் ஆரம்பித்த அந்த ஒலிபரப்பை நவம்பரில் போலீசார் கண்டுபிடித்துப் பறித்துக் கொண்டார்கள். உஷா மேத்தா சிறைக்குப் போனார். ஒரு சிறு பெட்டிக்குப் பெரிய சாம்ராஜ்யம் பயந்த காலம் அது.

70 ரூபாய் ரேடியோ ஊர் ஊராகக் கடைகளில் நிரம்பும் நாள் வரவில்லை. நாயுடுவின் கனவு அவர் கைக்குள்ளேயே நின்றது.

படிப்பு எத்தனை ஆண்டு?

1944-ல் தமது மோட்டார் தொழில் நிர்வாகத்திலிருந்து ஜி.டி. நாயுடு ஒதுங்கினார். பணத்தைத் தர்ம காரியங்களுக்குத் திருப்பினார். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவிப் பணம் அறிவித்தார். தொழிலாளர் நலத்துக்குத் திட்டம் போட்டார்.

1945-ல் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. அப்போது சென்னைக் கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரை அதற்கு வைத்தார்கள். நாயுடுவின் நன்கொடையும் முயற்சியும் அதற்குக் காரணம். மூன்றாம் வகுப்போடு நின்றவர், அந்தக் கல்லூரிக்கே பிரின்சிபாலாக உட்கார்ந்தார்!

எஞ்சினீயர் படிப்புக்கு நான்கு ஆண்டு வேண்டியதில்லை, இரண்டே ஆண்டில் முடிக்கலாம் என்பது அவருடைய கட்சி. பையனின் கையில் கருவியைக் கொடு, புத்தகம் தானே புரியும் என்பது அவர் கொள்கை. சர்க்கார் இதை ஏற்கவில்லை. நாயுடுவும் விட்டுக் கொடுக்கவில்லை. பதவியை விட்டு வெளியேறினார். அவர் விதைத்த கல்லூரி மட்டும் நிலைத்தது. கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இப்போதும் அது நடக்கிறது.

உடைந்த ரேடியோக்கள்

1952-ல் இரண்டு பேர் உட்காரும் சிறு கார் ஒன்றை ஜி.டி. நாயுடு செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பம் கார் ஏறலாம் என்று ஜனங்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் தொழிற்சாலை வைத்துக் கார் செய்ய லைசென்சு வேண்டும். அது கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது.

வரிக் கஷ்டமும் சேர்ந்தது. உழைத்துக் கண்டுபிடித்தவனுக்கு ஊக்கம் இல்லை, வரிச்சுமைதான் மிச்சம் என்று அவர் மனம் கசந்தார். 1950-களின் முற்பகுதியில் ஒரு காரியம் செய்தார். பலர் கூடிய கூட்டத்தில், தாம் செய்த பொருள்களை எடுத்து வைத்து உடைத்து நொறுக்கினார். ஆசையோடு செய்த ரேடியோக்களும் அதில் தப்பவில்லை.

பார்த்தவர்கள் திகைத்தார்கள். பெற்றவனே பிள்ளையை அடிக்கலாமா என்று வருந்தியவர்கள் உண்டு. இத்தனை அறிவையும் நாடு பயன்படுத்தத் தவறியதே என்று ஏங்கியவர்களும் உண்டு. ஏழைகள் வாங்க வேண்டிய பொருளை உடைப்பதால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவருடைய ஆத்திரத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

ரேடியோ நெல்

காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. 1947-ல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் என்ற சிறு பொருளைக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடி வால்வு செய்த வேலையை அது செய்தது. சூடு வேண்டாம். வீட்டில் மின்சாரம் வேண்டாம். சிறு பாட்டரி போதும். 1960-களில் டிரான்சிஸ்டர் ரேடியோ நம் கிராமங்களில் நுழைந்தது. ஏர் ஓட்டுகிறவர் வரப்பில் வைத்துப் பாட்டுக் கேட்டார். 1966-ல் கோவைக்கே சொந்த வானொலி நிலையமும் வந்து விட்டது.

அந்த ஆண்டுகளில் தஞ்சைப் பக்கத்துக் குடியானவர்கள் ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பயிரிட்டார்கள். அதன் விவரத்தைத் திருச்சி வானொலியில் கேட்டுத் தெரிந்து கொண்டார்கள். அதனால் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்து விட்டார்கள்! ரேடியோ ஏழை வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 1941-ல் ஜி.டி. நாயுடு ஆசைப்பட்டது இதற்குத்தான்.

அவர் பயிர்களையும் விட்டு வைக்கவில்லை. மரம் போல உயர்ந்து வளரும் பருத்தி, புது ரகப் பப்பாளி என்று தோட்டத்திலும் ஆராய்ச்சி நடத்தினார். 1967-ல் கோவை அவிநாசி ரோட்டில் நிலையான தொழிற் பொருட்காட்சி ஒன்றை அமைத்தார். பள்ளிப் பிள்ளைகள் யந்திரங்களைக் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும் என்பதே நோக்கம்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி. நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

கையால் செய்கிறவர்கள் இன்றும் உண்டு

சொந்தக் கையால் வயர்லெஸ் கருவி செய்து, லைசென்சு வாங்கி, பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகப் பேசுகிறவர்களை ஹாம் என்று சொல்வார்கள். மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறினால் யாரும் ஹாம் ஆகலாம்.

கையில் பிடிக்கும் சிறு கருவியின் பேச்சு சில மைல் தூரந்தான் எட்டும். இதற்கும் வழி கண்டு விட்டார்கள். ஒரு வீட்டில் வயர்லெஸ் கருவியை ஒரு பழைய கம்ப்யூட்டரோடு இணைக்கிறார்கள். இடையில் வைக்கும் சிறு பலகையை வீட்டிலேயே பற்றவைத்துச் செய்து கொள்கிறார்கள். பேச்சு எண்களாக மாறி இன்டர்நெட் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறது. அங்கே இன்னொரு கம்ப்யூட்டர் அதை மறுபடி பேச்சாக்கி, இன்னொரு வயர்லெஸ் கருவிக்குக் கொடுக்கிறது. கனடாவில் 1997-ல் இப்படி ஒரு முறை பிறந்தது. அமெரிக்காவில் 2002-ல் எக்கோலிங்க் என்ற முறை வந்தது. சின்னஞ்சிறு கருவியைக் கையில் வைத்துக் கொண்டே கடல் கடந்து பேசலாம்.

இன்டர்நெட் அறுந்தாலும் ஹாம் கலங்குவதில்லை. நேராக வான் அலையில் பேசுவார். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானில் டெலிபோன்கள் செயலற்றுப் போயின. அப்போது போர்ட் பிளேரில் முகாம் போட்டிருந்த ஹாம் குழுவினர்தான் தங்கள் கருவிகளால் செய்திகளை நாட்டுக்கு அனுப்பினார்கள். தவித்த குடும்பங்களுக்கு உறவினரின் சேதி கிடைத்தது.

இந்த வித்தைகள் வந்தபோது ஜி.டி. நாயுடு உயிரோடு இல்லை. ஆனால் பொருளைத் திறந்து பார், பழகு, நீயே செய், மலிவாகச் செய் என்ற அவர் வழிதான் இவர்களுடைய வழியும்.

2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில், சுமார் 10 கிலோ மீட்டர் நீளமுள்ள புதிய மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். ஒரே ஒரு பஸ்ஸோடு பிழைப்பைத் தொடங்கியவரின் பெயரைத் தாங்கிய பாலத்தில், நாள் முழுவதும் வண்டிகள் ஓடிக் கொண்டிருக்கின்றன.